சிவப்புப் பம்பு, பச்சைப் பம்பு: யாரிடம் சொன்னார்கள், யார் கேட்டார்கள்?

அடிபம்பின் வாயில் சிவப்புப் பெயின்ட். இந்தத் தண்ணீரைக் குடிக்காதே, இதில் சமைக்காதே என்று அதற்குப் பொருள். ஒரு செய்தியை இதைவிடச் சுருக்க முடியாது. எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் புரியும், மழையில் கிழியாது, குடத்தை வைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படும். வங்கதேசத்தில் 2000-க்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று சோதித்து, 14 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்தச் சிவப்பை அடித்தார்கள். மற்றவற்றுக்குப் பச்சை. நீர் விழிப்புணர்வுக்காக நடந்த வேலைகளில் இவ்வளவு பெரியதும் இவ்வளவு எளியதுமான இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் சுமார் 2 கோடிப் பேர் அப்போதும் அரசு வரம்பை மீறிய ஆர்சனிக் உள்ள தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்றது அது.

"மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று இதற்கு விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நீர் விழிப்புணர்வு வேலை செய்யும் எங்கள் துறையில் எதற்கும் கைவசம் இருக்கிற பதில் அது. நானும் பல துண்டறிக்கைகளை அந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் ஆர்சனிக் விவகாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் களத்தில் சேர்ந்த தரவு வேறு கதை சொல்கிறது. செய்தி போய்ச் சேர்ந்தவர்களில் கணிசமானவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். யார் யாரிடம் பேச வேண்டியிருந்தது என்ற பட்டியல்தான் முதலிலிருந்தே அரைகுறையாக இருந்தது. அந்தப் பட்டியலை இப்போது உட்கார்ந்து நிரப்பிப் பார்க்கும் முயற்சி இது.

முதல் பிரச்சாரம் ஜெயித்தது

ஆர்சனிக் பிரச்சாரம் வெற்றிடத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு பிரச்சாரம் நடந்து, அமோகமாக வென்றிருந்தது. 1970-கள் வரை கிராமங்களில் குளத்து நீரும் ஆற்று நீரும்தான். வயிற்றுப்போக்கும் காலராவும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. யுனிசெஃப்பும் அந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து குழாய்க் கிணறுகளை இறக்கின. நிலத்தடி நீரில் கிருமி இல்லை, அதைக் குடியுங்கள் என்பது செய்தி. 2000-க்குள் 80 சதவீத மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் என்ற இலக்கை முன்கூட்டியே தாண்டிவிட்டதாக 1997-ல் யுனிசெஃப் அறிவித்தது.

இந்த வெற்றியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கத்தில் அரசு போட்ட கிணறுகள் கொஞ்சம். பிறகு நாட்டில் பெருகிய 80 லட்சம் முதல் ஒரு கோடி வரையிலான கிணறுகளில் மிகப் பெரும்பாலானவை குடும்பங்கள் கைக்காசு போட்டு இறக்கிக்கொண்டவை. கிருமிக்குப் பயந்து மட்டும் அத்தனை குடும்பங்கள் பணம் போட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முற்றத்திலேயே தண்ணீர், பெண்கள் வெளியே போக வேண்டியதில்லை, நினைத்த நேரத்தில் பிடிக்கலாம். பிரச்சாரம் கிருமியைப் பற்றிப் பேசியது, மக்கள் வாங்கியது வசதியை. இரண்டும் ஒரே பம்பில் கிடைத்ததால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை. 25 ஆண்டுகள் கழித்து நஞ்சைப் பற்றிய செய்தி அந்த வசதியைக் கைவிடச் சொன்னபோதுதான் அது தெரிந்தது.

முதல் பிரச்சாரம் இன்னொன்றையும் விட்டுப்போயிருந்தது. சந்தேகம் வந்தால் தண்ணீரைக் கொதிக்க வை. கிருமிக்கு அது சரி. ஆர்சனிக் கொதித்தால் போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிஞ்சுவதில் அதன் செறிவு கூடும். நன்றாகக் கற்றுக்கொண்ட மாணவர்தான் இங்கே தவறான விடையை எழுதுவார். புதிய செய்தியோடு போகிறவர், எதிரே இருப்பவரின் மனதில் ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போனால் இப்படித்தான் ஆகும்.

கண்டுபிடிப்பும் பெயின்ட்டும்

1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் இருந்த கரும்புள்ளிகளும் உள்ளங்கைத் தடிப்பும் ஆர்சனிக்கால் வந்தவை என்று கண்டறிந்தார். வங்கதேசத்தில் 1993-ல் சப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில் அது உறுதியானது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி போன்றவர்கள் ஊர் ஊராக மாதிரி எடுத்து விடாமல் குரல் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் புவியியல் அளவைத் துறையும் வங்கதேச அரசும் 3,534 கிணறுகளைச் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 10 தான். வரலாற்றில் ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் என்று அந்த அமைப்பின் இதழில் 2000-ல் வந்த கட்டுரை எழுதியது.

யாரும் கலந்த நஞ்சு அல்ல இது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டியிருந்த ஆர்சனிக், காற்றில்லாத நிலத்தடியில் இரும்பு கரையும்போது நீரில் இறங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. குடித்து ஆண்டுக்கணக்கான பிறகுதான் தோலில் தெரியும். புற்றுநோய்க்கு இன்னும் நாளாகும். அடுத்தடுத்த இரண்டு பம்புகளில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்றும் இருக்கும். கண்ணால் பார்த்து நம்ப முடியாத ஒன்றை நம்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வகையில் சோதனைப் பெட்டி ஒரு நல்ல ஆசிரியர். சீசாவில் பம்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் அமிலம், துத்தநாகத் தூள். மூடியில் பாதரச உப்புப் பூசிய ஒரு காகிதத் துண்டு. கிளம்பும் ஆவி பட்டு, காத்திருக்கும் நேரத்தில் வெள்ளைக் காகிதம் மஞ்சளாகி, அளவு அதிகமென்றால் பழுப்பாகும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கும்போதே மாறும். காணாத பொருளைக் காண வைக்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான சுவரொட்டியை யாரும் வரைந்துவிட முடியாது. 50-ஐ ஒட்டிய அளவுகளில் தொடக்கக்காலப் பெட்டிகள் தடுமாறின என்ற விமரிசனம் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாக ஒரு சோதனை முடிவு என்ற யோசனையே பெரிய தாவல்.

ஆரைஹசார்: வீடுவீடாகப் பார்த்த ஊர்

டாக்காவுக்குக் கிழக்கே ஆரைஹசார் உபஜிலா, அதாவது ஒரு துணை மாவட்டம். இங்கே கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர்க் கூட்டாளிகளோடு 2000-2001-ல் சுமார் 25 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 6,000 கிணறுகளைச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் வரம்பைத் தாண்டியவை. ஆனால் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்ததால், கெட்ட கிணறு வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு நல்ல கிணறு இருந்தது. பம்புகளில் ஆர்சனிக் அளவைக் குறித்த தகடு மாட்டினார்கள். ஊர்க் கூட்டங்கள் நடந்தன.

இங்கே கிடைத்த முடிவுகளில் மூன்றை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

முதலாவது, மால்கோஷியா மடாயேவிச்சும் சக ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்டது. உன் கிணற்று நீர் பாதுகாப்பற்றது என்று சொல்லப்பட்ட குடும்பம் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறும் வாய்ப்பு 37 சதவீதப் புள்ளிகள் கூடியது. மாறியவர்கள் தண்ணீர் எடுக்கச் செலவிட்ட நேரம் பதினைந்து மடங்கானது. முற்றத்துப் பம்பிலிருந்து மாறுவதால்தான் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இருந்தாலும், பணமோ பரிசோ இல்லாமல், வெறும் தகவலுக்காக ஒரு குடும்பம் தினமும் இந்த விலை கொடுத்திருக்கிறது. "மக்கள் கேட்க மாட்டார்கள்" என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் நீட்டுவேன்.

அதே ஆய்வு வேறொன்றும் சொன்னது, திட்டம் போடுகிறவர்களுக்கு அது இன்னும் பயன்படும். ஆர்சனிக் என்றால் என்ன, என்ன செய்யும் என்ற பொதுத் தகவலை ஊடகங்கள் குறைந்த செலவில், எந்த விதத்திலும் குறையாமல் கொண்டுசேர்த்தன. ஆனால் "உன் பம்பு" என்ற தகவல் வீட்டு வாசலுக்கு வந்தாலொழிய நடத்தை மாறவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் ஊரைக் கூட்டிச் சொல்ல முடியும். அந்தக் கூட்டத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்டி "நீங்கள்" என்று அவற்றால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே சுவரொட்டியை அச்சடிப்பது காசுக்குக் கேடு.

இரண்டாவது முடிவு சிறுநீரிலிருந்து வந்தது. விழிப்புணர்வு வேலைகளை எப்படி மதிப்பிடுகிறோம்? பெரும்பாலும் போய்க் கேட்கிறோம். "இப்போது எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றால், வந்தவர் மனம் கோணாத பதில் வரும். ஆரைஹசாரில் 11,746 பேரின் சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்து, இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பவும் அளந்தார்கள். கெட்ட கிணறு வைத்திருந்தவர்களில் 58 சதவீதம் பேர் மாறியிருந்தார்கள். பாதுகாப்பானது என்று அடையாளமிட்ட கிணற்றுக்கு மாறியவர்களின் சிறுநீரில் ஆர்சனிக் சராசரியாக, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு (சிறுநீரில் இயல்பாக வெளியேறும் கழிவுப்பொருள்) 375 மைக்ரோகிராமிலிருந்து 200-க்கு இறங்கியிருந்தது. தொடக்கத்திலிருந்தே நல்ல கிணற்றில் குடித்தவர்களின் சராசரி 136. ஆக, மாறினோம் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. முழுக்கவும் மாறிவிடவில்லை என்றும் ஊகிக்கலாம். வயலிலும் சந்தையிலும் உறவினர் வீட்டிலும் குடிக்கும் தண்ணீருக்கு யார் தகடு மாட்டுவது?

குறைவு எல்லோரிடமும் சமமாக இல்லை. படித்தவர்களிடம் கூடுதலாகவும், தோலில் ஏற்கெனவே புண் கண்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. புண் கண்டவர்கள் விஷயத்தில் உடலியல் காரணமும் இருக்கலாம். ஆனால் யாருக்கு மிக அவசரமோ அவருக்குக் குறைவாகப் பலித்தது என்ற வரியைச் சராசரிக்குள் புதைத்துவிடக் கூடாது.

மூன்றாவது முடிவு எனக்கே கசந்தது. சிவப்பு, பச்சை என்று இரண்டாகப் பிரிப்பதில் ஒரு பொய் இருக்கிறது. லிட்டருக்கு 48 மைக்ரோகிராம் என்றால் பச்சை, 52 என்றால் சிவப்பு. 300-ம் சிவப்புதான். "குறையக் குறைய நல்லது, வரம்பைப் பார்க்காதே, குறைவானதைத் தேடு" என்று முழு உண்மையைச் சொன்னால் மக்கள் இன்னும் நன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள் அல்லவா? லோரி பெனியரும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி ஊர்களுக்கு அளவோடு வரம்பு மட்டும், மறு பகுதிக்கு இந்தக் கூடுதல் விளக்கமும். கூடுதல் விளக்கம் பெற்ற ஊர்களில் மாற்றம் கூடவில்லை. சற்றுக் குறைந்தது போலத்தான் தெரிந்தது, அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பெரிய நன்மை இருக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்கு மட்டும் முடிவு துல்லியமாக இருந்தது. ஒரே முறை வாய்வழி சொல்லிவிட்டுப் போகும் செய்தியில் எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்குத்தான், கேட்கிறவருக்கு இல்லை.

பம்பைச் சுற்றி நிற்பவர்கள்

திட்ட ஆவணங்களில் "இலக்கு மக்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "பாதிக்கப்பட்ட பகுதியின் கிராம மக்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். ஒரு சிவப்புப் பம்பைச் சுற்றி உண்மையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

தண்ணீர் பிடிக்கும் பெண் இருக்கிறார். செய்தி அவரைப் பற்றியதுதான். ஆனால் முடிவு எப்போதும் அவருடையது அல்ல. வங்கதேசக் கிராமத்தில் உறவுக் குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி வசிக்கும் தொகுப்பைப் பாரி என்பார்கள். தன் பாரிக்குள் இருக்கிற பம்புக்குப் போவது வேறு, வேறொருவர் பாரிக்குள் குடத்தோடு நுழைவது வேறு. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அது இன்னும் கடினம். புவியியலாளர் ஃபர்ஹானா சுல்தானா தன் களஆய்வுகளில் இதைத்தான் விரிவாக எழுதுகிறார்: நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைக்கும் என்பது பாலினத்தையும் வசதியையும் உறவையும் பொறுத்தது. கேட்டு வாங்கும் தண்ணீருக்குப் பணிந்து நடக்க வேண்டியிருக்கிறது. "சிவப்பில் குடிக்காதே" என்பதில் இந்தப் பெண்ணுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேறு: எந்த வீட்டுப் பம்பு, எந்த நேரம், யாரோடு போவது, மாமியார் என்ன சொல்வார்.

அந்தப் "பக்கத்து நல்ல பம்பு" யாருடையது? பச்சைப் பம்புக்காரருடையது. முழுத் திட்டமும் இவர் தலையில்தான் நின்றது. இவருக்கு அந்த நிறம் சொன்னதோ "உன் தண்ணீர் நல்லது" என்பதை மட்டும். இனி விடியற்காலையிலிருந்து அடுத்த வீட்டார் வந்து அடிப்பார்கள், வாஷர் சீக்கிரம் தேயும், முற்றம் சேறாகும், வீட்டுப் பெண்களின் தனிமை போகும் என்பதையெல்லாம் நிறம் சொல்லவில்லை. இவரை நோக்கிய செய்தி வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்: நன்றி சொல்வதாக, ஊர் அறிய மரியாதை செய்வதாக, பழுதுச் செலவில் ஒரு பங்கு ஏற்பதாக. ஒரு நீர்த் திட்டத்தில் பிரச்சினை இல்லாதவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றில் முக்கியமானது.

சிவப்பு விழுந்த பம்பின் சொந்தக்காரருக்கு வேறு கவலை. காசு போட்டு இறக்கியது வீண். அதோடு அவமானம். ஆர்சனிக் தோல்நோயைத் தொற்று என்றும் சாபம் என்றும் நினைத்து ஒதுக்கியதும், பெண்களுக்குத் திருமணம் தட்டிப்போனதும், கணவர் கைவிட்டதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வீட்டு முற்றத்துச் சிவப்பு வெறும் தண்ணீர்ச் செய்தியாக இருக்காது.

இதற்குச் சான்று எல்லை தாண்டி பீகாரிலிருந்து வருகிறது. அங்கே 26 கிராமங்களில் ஆர்சனிக் சோதனையை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை வெவ்வேறு விலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை ஏற ஏற, சோதனை செய்துகொண்ட வீடுகள் 69 சதவீதத்திலிருந்து 22 ஆக விழுந்தன. கெட்ட முடிவு வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வேறு நீருக்கு மாறினார்கள். பின்னர் போய்க் கேட்டபோது, நல்ல முடிவு வந்தவர்களைவிடக் கெட்ட முடிவு வந்தவர்களில் அதிகம் பேர் அதை "மறந்திருந்தார்கள்". பம்பில் மாட்டிய தகட்டைக் கழற்றிவிட்டவர்களும் உண்டு. அந்தக் கழற்றிய தகட்டை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரிந்ததால்தான் கழற்றினார்.

இன்னொரு கூட்டத்தார் யார் கண்ணிலும் படாமல் பின்வாங்கியவர்கள். சிவப்பு என்றதும் பம்பையே விட்டுவிட்டுக் குளத்துக்கும் திறந்த கிணற்றுக்கும் திரும்பியவர்கள். செய்தி இவர்களிடம் நூற்றுக்கு நூறு பலித்தது, ஆபத்தும் அங்கேதான். எரிகா ஃபீல்டு, ரேச்சல் கிளெனர்ஸ்டர், ரேஷ்மான் ஹுசாம் ஆகியோரின் ஆய்வு, வீட்டுக் கிணற்றைக் கைவிடத் தூண்டப்பட்ட குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியதாகக் கண்டது. ஆர்சனிக் பல ஆண்டுகளில் கொல்லும், குளத்து நீர் ஒரு வாரத்தில் கொல்லும். "எதைக் குடிக்காதே" என்று சொன்ன கையோடு "எதைக் குடி" என்று சொல்லாத செய்தி, கேட்டு நடக்கிறவரைத்தான் முதலில் தண்டிக்கிறது. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் சிவப்புத் தண்ணீரே போதும் என்ற துணைச்செய்தியும் இதனால்தான் அவசியமாகிறது. அது தெரியாதவர் எல்லா வேலைக்கும் நல்ல நீரைச் சுமந்து, இரண்டே மாதத்தில் சலித்துப் பழைய பம்புக்குத் திரும்பிவிடுவார்.

மாறியவர்களைத் தக்கவைக்கும் வேலையைச் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் இனாவன், ஹான்ஸ்-யோவாகிம் மோஸ்லர் ஆகியோர் வங்கதேசத்திலேயே சோதித்தார்கள். தகவலோடு நினைவூட்டும் பொருள், எப்போது எப்படிப் போவேன் என்ற முன்திட்டம், பிறர் அறியச் சொல்லும் உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்த்தபோது, வெறும் தகவலைவிட அதிகம் பேர் பாதுகாப்பான கிணற்றைப் பயன்படுத்தினார்கள். நடந்துபோகத் தயாராக இருக்கிறவருக்கு இனி நோய்ப்படம் காட்டிப் பயன் இல்லை. நாளைக் காலையில் மறக்காமலிருக்க ஏதாவது கொடுத்தால் போதும்.

துண்டறிக்கை போகாத அலுவலகம்

ஆழமான பொதுக் கிணறு நல்ல மாற்று. ஆரைஹசாரில் ஆய்வுக் குழு இறக்கிய அத்தகைய கிணறுகளைப் பற்றி 2003-ல் எழுதும்போது, 150 மீட்டர் சுற்றளவில் இருக்கும் சுமார் 500 பேரின் தேவையை ஒரு கிணறு தீர்க்க முடியும் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் எந்த இடத்தில் துளை போடுகிறோம் என்பதுதான் எல்லாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையின்படி, அரசு புதிதாக இறக்கும் நீர்நிலையங்களில் 50 சதவீதத்தின் இடத்தைத் தீர்மானிப்பதில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. வேண்டியவர்களின் முற்றத்துக்குள் பொதுக் கிணறு போனது. அங்கே முன்பின் தெரியாத பெண் குடத்தோடு நுழைய முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

கிராமத்துப் பெண்ணுக்குப் பாட்டும் நாடகமும் போட்டோம். இடத்தைத் தீர்மானிக்கிறவருக்கு என்ன போட்டோம்? விழிப்புணர்வு என்ற சொல்லே கீழ்நோக்கித்தான் ஓடும், பள்ளத்தைத் தேடும் தண்ணீர் மாதிரி. மேலே இருப்பவரைக் "கூட்டாளி" என்போம், "இலக்கு" என்று எழுதக் கை வராது. ஆனால் அவருடைய ஒரு முடிவு 500 பேரின் நடைத்தூரத்தை மாற்றும். அவருக்கு ஆர்சனிக்கைப் பற்றிப் பாடம் தேவையில்லை. அவருடைய தொகுதியின் வரைபடத்தில் சிவப்பு அடர்ந்த ஊர்களையும் கிணறு போன ஊர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பத்திரிகையாளர்கள் முன்னிலையில் காட்டினால் போதும். அதுவும் நீர்க்கல்விதான்.

பெயின்ட் உதிர்ந்த பிறகு

பெயின்ட் சில ஆண்டுகளில் மங்கிவிடும். பம்பின் தலையை மாற்றினால் நிறமும் போய்விடும். இதற்கிடையே மக்கள் கிணறு தோண்டுவதை நிறுத்தவில்லை. ஆரைஹசாரில் அதே 25 சதுர கிலோமீட்டரை 2012-13-ல் திரும்பச் சோதித்தபோது, கிணறுகள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. ஒருமுறை நடந்த மாபெரும் சோதனை, அன்று இருந்த கிணறுகளுக்கான பதில். மறுநாள் இறங்கிய கிணற்றுக்கு நிறமில்லை. நிறமில்லாத பம்பை வீட்டார் நல்லது என்றே எடுத்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருக்கிறது, சிவப்பு அடிக்கவில்லையே!

ஒவ்வொரு புதிய கிணறும் இறங்கும்போது தவறாமல் உடனிருக்கும் ஒருவர் உண்டு. கிணறு தோண்டும் மிஸ்திரி. மூங்கில் சாரத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்து குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். கீழே இருப்பவர்கள் குழாயைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். அந்த உறிஞ்சலில் சேறும் மணலும் பீய்ச்சிக்கொண்டு மேலே வரும். எந்திரம் கிடையாது. எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதை, வெளியே வரும் மணலைக் கையில் ஏந்தித் தேய்த்துப் பார்த்து மிஸ்திரி சொல்வார்.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ஸ்வீடனின் கேடிஹெச் தொழில்நுட்பக் கழகத்தினரும் டாக்கா பல்கலைக்கழகத்தினரும் இவர்களிடம் போய் உட்கார்ந்தார்கள். ஆய்வகத்தின் நிற அட்டையில் மணலுக்கு ஏகப்பட்ட சாயல்கள். மிஸ்திரிகள் பேசுவதோ நான்கைத்தான்: கருப்பு, வெள்ளை, மங்கிய வெள்ளை, சிவப்பு. அந்த நான்கையே வைத்துக்கொண்டு கிணறுகளைச் சோதித்தார்கள். கருமணலில் நிறுத்திய கிணறுகளில் ஆர்சனிக் அதிகம். சிவப்பு மணலிலும் மங்கிய வெள்ளையிலும் நிறுத்தியவற்றில் பெரும்பாலும் குறைவு. இரும்பு ஆக்சைடு கரையாமல் மணலில் ஒட்டியிருந்தால் மணல் சிவந்திருக்கும், ஆர்சனிக்கும் அதோடு ஒட்டியே நின்றுவிடும்.

பம்பில் சிவப்பென்றால் விஷம், மணலில் சிவப்பென்றால் நல்ல தண்ணீர். இந்த இரண்டு சிவப்புகளையும் குழப்பிக்கொள்ளாதவர் ஊரில் மிஸ்திரி மட்டும்தான். கூடுதலாகப் பத்து இருபது அடி இறக்கினால் சிவப்பு மணல் வரும் என்று அவர் சொல்ல வேண்டும், காசு கொடுக்கிறவர் அந்த அடிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பேச்சு சாரத்துக்குக் கீழே, கையில் ஈர மணலோடு, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.